நாலாவது ஆள்

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் சுமார் 70 கிலோமீட்டர். சந்திரகிரி, பூதலப்பட்டு வழியாகக் காரில் ஒன்றரை மணி நேரப் பயணம். அந்தச் சாலையில் எத்தனை வேகத்தடைகள் இருக்கின்றன என்பது நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டிக்கொண்டு வருகிறவருக்குத்தான் தெரியும். 2022 மே மாதத்தின் நடுவில் ஒரு மத்தியானம், வாடகைக் காரின் பின்சீட்டில் தலையணை ஒன்றை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்த 58 வயது மனிதர் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தார். சித்தூர் வெல்ல மண்டியில் 30 வருடம் கணக்கு எழுதியவர். எண்ணுவது அவருக்குப் பழக்கம். சந்திரகிரிக் கோட்டை பின்னால் போனதும் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தூங்கிப்போனார். பக்கத்தில் அவர் மனைவி. மடியில் மருந்துப் பை, எக்ஸ்ரே உறை, மூன்று பந்துகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி. அவர் தூங்கவில்லை.

பைபாஸ் ஆபரேஷன் இன்று யாரையும் வியக்க வைப்பதில்லை. இந்தியாவில் முதல் பைபாஸ் 1975ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். அந்தக் காலத்தில் சித்தூர்க்காரருக்கு நெஞ்சுவலி வந்தால் தெற்கே 35 கிலோமீட்டரில் உள்ள வேலூருக்கு ஓட வேண்டும், இல்லாவிட்டால் சென்னைக்கு. தேவஸ்தானத்தின் ஆதரவில் வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் 1993ல் திருப்பதியில் இயங்கத் தொடங்கிய பிறகு, மலைக்குப் போகிற பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்றாயிற்று. 2007ல் வந்த ஆரோக்யஸ்ரீ திட்டம் ஆபரேஷன் செலவையும் அரசின் தலையில் ஏற்றியது. ஆக, அறுவை சிகிச்சை என்ற பகுதி ஏழைக்கும் ஓரளவு எட்டிவிட்டது. அதற்குப் பிறகு வருகிற மூன்று மாதத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அந்த மூன்று மாதம் வீட்டில் நடக்கிறது. அதற்கென்று சில விதிகள் உண்டு. ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. கையை ஊன்றி எழக்கூடாது. ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, பிறகு உடம்பை நிமிர்த்த வேண்டும். இருமல் வந்தால் தலையணையை மார்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும். தும்மலுக்கு அத்தனை அவகாசம் கிடைக்காது. முதல் தும்மலில் இந்த மனிதர் அழுதே விட்டார். ரத்தக் குழாய்க்காகக் காலிலிருந்து நரம்பு எடுத்த இடம் வீங்கும். அந்தக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மல்லாந்து படுக்க வேண்டும். ஆயுள் முழுக்க ஒருக்களித்துப் படுத்தவருக்கு மல்லாந்து படுப்பதே ஒரு தண்டனை.

மூன்று பந்துக் கருவி மூச்சுப் பயிற்சிக்கு. குழாயை வாயில் வைத்து உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும். முதல் பந்து எழ விநாடிக்கு 600 மில்லிலிட்டர் காற்றை இழுக்க வேண்டும், இரண்டாவதற்கு 900, மூன்றாவதற்கு 1200. முதல் வாரம் ஒரு பந்துதான் அசைந்தது. எதிர்வீட்டு நாலு வயதுப் பையன் வந்து குழாயைத் தனியாகக் கழற்றி ஊதிப் பார்க்கக் கேட்டான். "இது ஊதுறது இல்ல நாயனா, இழுக்கிறது" என்று அவர் விளக்கினார். பையனுக்கு ஏமாற்றம்.

கட்டில் ஜன்னலோரத்துக்கு நகர்ந்தது. அது மனைவியின் யோசனை. வேப்பமரமும் தெருக்குழாயும் தெரிகிற ஜன்னல். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தால் நிமிடத்துக்கு ஒரு தரம் தன்னைக் கூப்பிடமாட்டார் என்பது அவர் கணக்கு. இதற்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் 1972க்கும் 1981க்கும் இடையே பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். கடும் வலிக்கான மருந்தும் மரக்காரர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. 1984ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்தச் சிறு கட்டுரையை ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனுக்கு அன்று எட்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். 1990ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை எடுத்துக் காட்டியதிலிருந்து இந்தியாவிலும் நிலைமை மாறிவிட்டது. இப்போது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள். மற்ற ஆபரேஷன்களிலும் இதே கதைதான். சீக்கிரம் எழுந்து நட, சீக்கிரம் வீட்டுக்குப் போ என்பதுதான் இன்றைய வைத்தியம். அது நல்ல வைத்தியம், சந்தேகமில்லை. நோயாளிக்குத் தொற்றும் குறைவு, செலவும் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்கில் குறைந்த நாட்கள் எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. வீட்டுக் கணக்கில் ஏறியிருக்கின்றன. மூன்று ஷிப்டில் மூன்று நர்ஸுகள் சம்பளத்துக்குச் செய்த வேலையை வீட்டில் ஒருத்தி ஒரே ஷிப்டில் செய்கிறாள்.

சித்தூர் வீட்டில் அந்த ஷிப்டு காலை நாலரைக்கு ஆரம்பித்தது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. பிறகு வெந்நீர், காயத்தைத் துடைப்பது, வெறும் வயிற்று மாத்திரை, இட்லி, இட்லிக்குப் பின் மாத்திரை. மேற்கத்திய பாணிக் கழிவறை வீட்டில் இல்லை. குந்தி உட்காரக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நடுவில் வட்டமாக அறுத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. அந்த நாற்காலி ஏற்கெனவே நாலு வீடு பார்த்தது. கூப்பிடக் குரல் எழும்பாததால் கையில் பூஜை மணி ஒன்றைக் கொடுத்திருந்தார் மனைவி. ஆறு வாரம் அந்த வீட்டுச் சாமிக்கு மணியில்லாத தீபாராதனைதான்.

சாப்பாட்டில் சண்டை வந்தது. பருப்பு தின்றால் புண் சீழ் பிடிக்கும் என்பது ராயலசீமையில் அசைக்க முடியாத நம்பிக்கை. 'பப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்து வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று பட்டியல் நீண்டது. தமிழ் வீடுகளிலும் பத்தியம் இதே வழியில்தான் போகும். சித்தூர் மாவட்டத்தின் தெற்கே திருத்தணிப் பக்கம் 1960ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தப் பக்கம் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இரண்டு மொழிப் பத்தியமும் சேர்ந்து வாய்க்கிறது. டாக்டர்கள் சொல்வது நேர் எதிர். தைத்த சதை கூட வேண்டுமானால் புரதம் வேண்டும், பருப்பையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள் என்கிறார்கள். மனைவி ஒரு ராஜதந்திர முடிவுக்கு வந்தார். அக்கம்பக்கத்தார் பார்க்கும் நேரத்தில் மிளகு ரசமும் சோறும். கதவைச் சாத்திய பிறகு பருப்பு. காயம் ஒழுங்காக ஆறியபோது, பருப்பை ஒதுக்கியதால்தான் ஆறியது என்று பக்கத்து வீட்டு அம்மாள் தெரு முழுக்கச் சொன்னார்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கும்பல் வேண்டாம், தொற்று வரும் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்? மண்டியிலிருந்து வந்தார்கள், கல்யாணத்துக்குப் பின் தலைகாட்டாத சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, மாதுளை. வந்தவர்களில் பாதிப் பேர் இதே ஆபரேஷன் செய்துகொண்டு பிழைக்காமல் போன யாரையாவது விவரமாக நினைவுகூர்ந்தார்கள். எல்லோருக்கும் காபி. காபி போட்ட கை எது என்று கேட்கத் தேவையில்லை.

ஆனால் வந்தவர்கள் வெறுமனே வந்து போகவில்லை என்பதும் உண்மை. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த நாலு பையன்கள் மண்டி முதலாளியின் மகனுடைய கல்லூரி நண்பர்கள். முகம்கூடத் தெரியாதவர்கள். ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரர் காசு வாங்கவில்லை. நாற்காலி வந்த வீடு, காலையில் பால் வாங்கிக் கொடுத்த பையன், தினம் ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஓய்வுபெற்ற கம்பவுண்டர். கணக்குப்பிள்ளைக்கு இதெல்லாம் மனதில் பாரமாக ஏறியது. மூன்றாவது வாரம், பாதி எழுதி மிச்சமிருந்த பழைய மண்டிப் பேரேடு ஒன்றை எடுத்து வரச் சொன்னார். பக்கத்துக்கு ஒரு பெயர் எழுதினார். பற்று, வரவு, பாக்கி என்று கோடு போட்டார். ரத்தத்துக்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் அந்தப் பத்தியைக் காலியாக விட்டார்.

நன்றி என்ற சொல் தமிழில் கொஞ்சம் விசித்திரமானது. வள்ளுவர் காலத்தில் அதற்குச் செய்த நன்மை என்று பொருள். உதவி பெற்றவன் வாயால் சொல்கிற வார்த்தை என்ற பொருள் பிற்பாடு வந்தது. மேடையிலும் கடிதத்திலும் அது சரளமாகப் புழங்குகிறது. வீட்டுக்குள் மட்டும் நுழைவதில்லை. சாப்பாடு பரிமாறிய மனைவியிடம் நன்றி என்று ஒருவர் சொன்னால் உடம்புக்கு என்னவோ என்று பயப்படுவார்கள். தெலுங்கிலும் அப்படியே, தன்யவாதாலும் கிருதக்ஞதலும் கூட்டம் முடிகிற நேரத்துச் சொற்கள். வீட்டில் அவர்கள் சொல்கிற சொல் ருணம், அதாவது கடன். 'நீ ருணம் தீர்க்க முடியாது' என்பார்கள். மண்டிக்காரருக்குப் பேரேடு ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பேரேட்டில் 17 பெயர்கள் ஏறின. மனைவி பெயர் இல்லை. வேண்டுமென்றே விட்டதல்ல. சொந்த வீட்டுச் செலவை மண்டிப் பேரேட்டில் எழுதும் வழக்கம் கிடையாது.

பணத்தைப் பற்றிய பகுதி சுருக்கமானது. மண்டியில் வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆந்திர அரசு 2019 டிசம்பர் 2ஆம் தேதி குண்டூரில் தொடங்கிய ஆரோக்ய ஆசரா என்ற திட்டம் இந்த இடைவெளிக்காகவே வந்தது. ஆபரேஷனுக்குப் பின் டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்கிற காலத்துக்கு நாள் ஒன்றுக்கு 225 ரூபாய், மாதம் அதிகபட்சம் 5,000 ரூபாய். அதாவது மாதத்தில் 22 நாள் கணக்கு. மிச்சமுள்ள நாட்களில் நோயாளி சாப்பிடமாட்டான் என்று எண்ணியிருக்கலாம். கேலிக்குச் சொன்னாலும், படுத்திருப்பவனுக்கும் கூலி உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது சின்ன விஷயமல்ல. இ.எஸ்.ஐ. சட்டத்தில் வருகிற தொழிலாளிக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். மண்டிக் கணக்கருக்கும் கரும்பு வெட்டுகிறவருக்கும் அந்தச் சட்டம் எட்டாது. 2024ல் ஆட்சி மாறியதும் ஆரோக்யஸ்ரீயின் பெயர் என்.டி.ஆர். வைத்ய சேவை என்றாகிவிட்டது. பெயர்ப்பலகைகள் மாறுகிற வேகத்தில் எலும்பு கூடினால் தேவலை. எந்தப் பெயரில் வந்தாலும் நோயாளிக்கு நாள்கூலி என்று யோசித்தவர்கள்கூட, அவனைப் பார்த்துக்கொள்கிறவளின் நாளை யோசிக்கவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாள்தோறும் செலவிடுவது 299 நிமிடம், செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அது நோயாளி இல்லாத வீட்டையும் சேர்த்த சராசரி.

நாலாவது வாரம் ஒரு ராத்திரி அவர் மணியடித்தார். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தார். சமையலறையில் விளக்கு எரிந்தது. கற்றுக் கொடுத்தபடி புரண்டு, காலைத் தொங்கவிட்டு, எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். மனைவி அரிசி டின்னில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வலதுபக்க விலாவுக்குக் கீழே கையை அழுத்தியிருந்தார். முகம் வியர்த்திருந்தது.

"ஒண்ணுமில்ல. வாயு. நீங்க ஏன் எழுந்து வந்தீங்க?"

தூக்கிவிட அவரால் முடியாது. குனியவும் முடியாது. பூஜை மணி கையிலேயே இருந்தது. வாசற்கதவைத் திறந்து தெருவைப் பார்த்து அதை அடித்தார். பக்கத்து வீட்டு அம்மாள்தான் முதலில் ஓடி வந்தார், பருப்பு அம்மாள். "வதினா, வதினா" என்று கூப்பிட்டபடி தாங்கித் தூக்கினார்.

அது வாயு இல்லை. பித்தப்பைக் கற்கள். 2019லேயே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டரும் அப்போதே சொல்லிவிட்டார். மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டார். கல்யாணம் முடிந்ததும் கொரோனா வந்தது. கொரோனா ஓய்ந்ததும் கணவருக்கு நெஞ்சுவலி. எண்ணெய்ப் பண்டம் தின்றால் வலிக்கிறது என்று அவர் எண்ணெயை நிறுத்திக்கொண்டாரே தவிர, வேலையை நிறுத்தவில்லை. இதெல்லாம் கணவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. தெரியும், ஆனால் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. அன்று ஊசி போட்ட டாக்டர், கல் நழுவிக் குழாயை அடைத்தால் கணையம் வரை பாதிக்கும், இனியும் தாமதிக்காதீர்கள் என்றார். "இவருக்கு மூணு மாசம் முடியட்டும் சார். ரெண்டு பேரும் படுத்தா யாரு எழுப்பறது?" என்று கேட்டார் மனைவி. டாக்டரிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக்குரியது அல்ல. 2015-16ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கருப்பையை எடுத்துவிட்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு மூன்று பேர். ஆந்திரப் பிரதேசத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர். அத்தனையும் தேவைதானா என்பது தனி விவாதம், அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கே கேட்க வேண்டியது வேறு. வயிற்றைத் திறந்து செய்த அந்த ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது என்கிறது வைத்தியம். நிறைகுடம் பத்துக் கிலோவுக்கு மேல். ஆறு வாரம் அந்தக் குடத்தைத் தூக்கியது யார்? ஆண் படுத்தால் வீடே ஆஸ்பத்திரியாகிறது. பெண் படுத்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அல்லது ரெண்டாம் வாரமே அடுப்படிக்கு அனுப்புகிறார்கள்.

மருந்தைப் பற்றிய அதிகாரத்தை முடிக்கிற குறளில் வள்ளுவர் வைத்தியத்துக்கு நாலு அங்கம் சொல்கிறார். நோய் உற்றவன், தீர்க்கிறவன், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து மருந்தைப் பக்குவம் செய்து கொடுக்கிறவன். சரக சம்ஹிதையும் இதே நாலைத்தான் சொல்கிறது. அந்த நாலாவது ஆளுக்கு அன்பு வேண்டும், தூய்மை வேண்டும், சொன்னதைச் சொன்னபடி செய்கிற திறமை வேண்டும், அறிவும் வேண்டும் என்று பரிமேலழகர் உரையில் இலக்கணம் உண்டு. ஆங்கில வைத்தியம் இந்த ஆளைத் தனித் தொழிலாக்கியது. இந்தப் பக்கத்துக்கு அது வேலூரிலிருந்து வந்தது. ஐடா ஸ்கடர் 1900ல் ஒரே படுக்கையோடு ஆரம்பித்த இடத்தில் 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது. டாக்டர் படிப்பு வருவதற்கு முன்பே நர்ஸ் படிப்பு வந்தது என்பது யோசிக்கத்தக்கது.

திருமலையிலும் ஒரு நாலாவது ஆள் உண்டு. மாடு மேய்ப்பவனின் கோடரி பட்டுத் தலையில் காயத்தோடு மலையில் அலைந்த ஸ்ரீநிவாசனுக்கு மூலிகை வைத்துக் கட்டிக் கவனித்தவள் வகுளாதேவி என்கிறது தலபுராணம். பெற்றவள் அல்ல, பார்த்துக்கொண்டவள். பெருமாளுக்கு இன்னொரு காயமும் உண்டு. ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வான் ஏரி வெட்டிக்கொண்டிருந்தார். கர்ப்பிணியான மனைவி மண் சுமந்தாள். அவளுக்கு உதவி செய்ய வந்த சிறுவன் மீது ஆத்திரத்தில் கடப்பாறையை வீசினார். கோவிலுக்குப் போய்ப் பார்த்தால் மூலவரின் மோவாயில் ரத்தம். அங்கே பச்சைக் கற்பூரம் வைத்து அடைத்தார்கள். இன்றைக்கும் அந்த மோவாயில் கற்பூரம் வைக்கிறார்கள். கடப்பாறை மகாதுவாரத்துச் சுவரில் தொங்குகிறது. மலையில் இருப்பவரே நித்தியம் காயத்துக்கு மருந்து வைத்துக்கொள்கிறவர்தான்.

திருப்பதி அருகே பேரூரில் ஒரு குன்றின் மேல் இருந்த வகுளாதேவியின் பழைய கோவில் பல காலம் சிதைந்து கிடந்தது. சுற்றிலும் கல் வெட்டினார்கள். புதுப்பித்து மறுபடி திறந்தது 2022 ஜூன் 23ஆம் தேதி. அன்று சித்தூர் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கடந்திருந்தது. வெளியே தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் தொழிற்சாலைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மனைவி கீரை ஆய்ந்தபடி பார்த்தார்.

"பார்த்துக்கிட்டவளுக்குக் கோவில் கட்ட இவ்வளவு நாள் ஆயிருக்கு" என்றார். குத்திக் காட்டவில்லை. செய்திக்கு ஒரு கருத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

கணவர் பேரேட்டை எடுத்தார். ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன எழுதப் போறீங்க?"

"உன் கணக்கு."

"எழுதுங்க. எழுதினா வட்டி போடுவேன்."

அவர் மூடி வைத்துவிட்டார்.

வேண்டுதல் ஒன்று பாக்கியிருந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டது: அலிபிரியிலிருந்து நடந்தே ஏறி முடி கொடுப்பதாக. 3,550 படிகள். இருதய நோயாளிகள் நடந்து வர வேண்டாம் என்று தேவஸ்தானமே அறிவுறுத்துகிறது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்த டாக்டர் சிரித்துவிட்டு, முடியைக் கொடுங்கள், படியை விட்டுவிடுங்கள் என்றார். ஆகஸ்ட் கடைசியில் பஸ்ஸில் போனார்கள். கல்யாணக்கட்டாவில் முடி இறக்கியது. படிக்கு ஈடாக வேண்டுதலை எப்படித் தீர்ப்பது என்பதுதான் அவருக்கு உறுத்தலாக இருந்தது. மகாதுவாரத்தில் கூட்டம் தள்ளிக்கொண்டு போனபோது மனைவி அவர் கையை இழுத்து மேலே காட்டினார். கடப்பாறை. இத்தனை வருடத்தில் பத்துத் தடவையாவது அந்த வழியே போயிருக்கிறார். நின்று பார்த்ததில்லை.

அக்டோபரில் மனைவிக்குச் சித்தூரிலேயே ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் நாலு சின்னத் துளைகள். மூன்றாம் நாள் வீடு. மகளுக்குக் கைக்குழந்தை, வர முடியவில்லை. ஜன்னலோரக் கட்டில் கைமாறியது, மணியும் கைமாறியது. காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தவர் இப்போது கணவர். குடத்தை ஒரே மூச்சில் தூக்க அவருக்கும் தைரியம் இல்லை. சிறு வாளியில் பாதி பாதியாக எட்டு நடை நடந்தார். உப்பு எந்த டப்பாவில், புளி எந்த ஜாடியில் என்று அடுப்படியிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்தது. கட்டிலில் இருந்தபடியே பதில் போய்க்கொண்டிருந்தது. மணி அதிகம் ஒலிக்கவில்லை. "மணி அடிச்சா பாதியில விட்டுட்டு ஓடி வருவீங்க, அடி பிடிச்சிடும்" என்றார்.

இந்தத் தடவையும் பார்க்க வந்தார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. வந்தவர்கள் எல்லோரும் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார்கள். இதயத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட மனுஷன் ரசம் வைக்கிறாரே என்று கண் கலங்கினார்கள். "குடுத்து வெச்சிருக்கணும் வதினா" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். கம்பவுண்டர் அவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். கட்டிலில் இருந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எல்லோரும் போன பிறகு தட்டில் சோறு வந்தது. கலக்கி ஒரு வாய் சாப்பிட்டார். கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரசத்துல உப்பே இல்ல" என்றார் மனைவி. பிறகு கையைத் தட்டிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "அந்த மூணாவது டப்பா. மஞ்சள் மூடி. இங்க எடுத்துட்டு வாங்க, நான் போட்டுக்கறேன். நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்க."